புரட்டாசியில் வந்த மீன் வாடை: ஓவன் நாற்றத்தின் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

புரட்டாசி மூன்றாவது வாரம். வீட்டில் மீன் வாங்கி இருபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அக்கா மகளின் பிறந்தநாளுக்காக ஓவனில் கேக் வைத்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து அம்மா சமையலறை வாசலில் வந்து நின்று, "இந்த மாதத்தில் கருவாடு சுட்டது யார்?" என்று கேட்டார். யாரும் சுடவில்லை. ஆனால் வெண்ணிலா மணத்தையும் மீறிக்கொண்டு மீன் வாடை வீசியது உண்மை.

அதன் காரணம் பிடிபட ஐந்து வாரம் ஆனது. அத்தனை நாளும் நான் ஓவனைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். பழுது இருந்ததோ சுவரில். அதனால்தான் இதை எழுதுகிறேன். துடைக்கும் துணியை எடுப்பதற்கு முன்னால், வாடை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் மேடைமேல் வைக்கிற மின்சார ஓவனுக்கு, அதாவது ஓ.டி.ஜி.க்கு மட்டும். மைக்ரோவேவ் வேறு இனம். அதன் கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கலாம் என்பதால் அதை வீட்டில் திறக்கவே கூடாது.

படி 1: எரிவாயு வாடையா?

ஓவன் பக்கத்தில்தான் பெரும்பாலும் காஸ் அடுப்பும் இருக்கும். எல்.பி.ஜி.க்கு இயல்பாக வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். அழுகிய முட்டைக்கோஸ் போன்ற அந்த நெடி வந்தால் ஓவனை மறந்துவிடுங்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். ஓவன் ஸ்விட்ச் உட்பட எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேனும் இதில் சேர்த்தி. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். ஸ்விட்சில் எழும் சிறு பொறி அதற்குப் போதும். வெளியே வந்தபின் 1906 என்ற அவசர எண்ணுக்கு அழையுங்கள்.

படி 2: மூன்று இடங்களில் முகர்ந்து பாருங்கள்

ஓவனுக்குள் எதுவும் வைக்காமல் 180 டிகிரியில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். நகராமல் பக்கத்திலேயே நில்லுங்கள். முதலில் கதவு இடுக்கில் முகருங்கள். அடுத்து பின்பக்கத்துக் காற்றுத் துளைகள். கடைசியாகச் சுவரில் உள்ள சாக்கெட். புகை, பொறி, சடசடவென்ற சத்தம் ஏதாவது தெரிந்தால் அந்தக் கணமே நிறுத்திவிடுங்கள்.

கதவு இடுக்கில் வாடை என்றால் உள்ளே படிந்த ஏதோ கருகுகிறது. பின்பக்கம் என்றால் ஒயர், பூச்சி, அல்லது ஓவனைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள். பலர் வீட்டில் தூசிக்காக ஓவன்மேல் போர்த்திய பிளாஸ்டிக் உறையைப் பாதி மடித்துப் பின்னால் தள்ளிவிட்டுச் சமைக்கிறார்கள். தயவுசெய்து அதை முழுக்கக் கழற்றுங்கள். ஓவனைச் சுற்றிலும் ஒரு சாண் அளவாவது இடம் இருக்கட்டும்.

சாக்கெட் பக்கம் வாடை என்றால் நேரே படி 5க்குப் போய்விடுங்கள்.

படி 3: புது ஓவன்

புதிதாக வாங்கிய ஓவன் முதல்முறை சூடாகும்போது புகைவதும் நெடி வீசுவதும் இயல்பு. ஹீட்டிங் ராடிலும் உள்தகட்டிலும் இருக்கும் எண்ணெய்ப் பூச்சு எரிகிறது. ஜன்னலைத் திறந்து வைத்து, காலியாக 230 டிகிரியில் இருபது நிமிடம் ஓடவிட்டு ஆறவிடுங்கள். இரண்டாவது முறை நெடி பாதிக்கும் கீழே குறைந்திருக்க வேண்டும். மூன்றாவது முறையும் அப்படியே இருந்தால், கீழ்த்தட்டை உருவிப் பாருங்கள். தெர்மாகோல் துண்டோ, ஒட்டிய டேப்போ, கண்ணாடிக் கதவின் ஸ்டிக்கரோ உள்ளே தங்கியிருக்கலாம்.

நான்ஸ்டிக் ட்ரேயை இந்தச் சூட்டில் காலியாக உள்ளே வைக்காதீர்கள். அந்தப் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை வளர்ப்புப் பறவைகளைக் கொன்றுவிடும். லவ் பேர்ட்ஸ் வைத்திருப்பவர்கள் கூண்டை வேறு அறைக்கு மாற்றிவிட்டே ஓவனைப் போடுங்கள்.

படி 4: எண்ணெய்க் கசடு

நெய், சீஸ், தந்தூரிக் கோழியின் கொழுப்பு எல்லாம் தெறித்துக் காய்ந்து பழுப்பு நிறப் பிசின்போல ஒட்டியிருக்கும். நான்கு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கண்ணாடிக் கதவிலும் கம்பி வலையிலும் எனாமல் ட்ரேயிலும் பூசி இரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு ஈரத்துணியால் துடைத்தால் போதும். அலுமினியத்தின்மேல் சோடா வேண்டாம், கறுத்துவிடும். ஹீட்டிங் ராடில் எதையுமே பூசக் கூடாது. அதில் ஒட்டியது தானாக எரிந்து போகும்.

சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்கச் சொல்லும் குறிப்புகளில் எனக்கு உடன்பாடு இல்லை. பொங்கி நுரைப்பது கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றை ஒன்று சமன்செய்துவிட்டபின் மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். தேய்ப்பதற்கு நான் இரும்பு நாரையும் தொடமாட்டேன். அதிலிருந்து உதிரும் இழை மின் இணைப்பில் விழுந்தால் ஆபத்து. எங்கள் வீட்டில் தேங்காய் நார்தான். மெதுவாகத் தேய்த்தால் எனாமலிலும் கீறல் விழுவதில்லை, கசடும் வந்துவிடுகிறது.

துடைத்து முடித்ததும் 120 டிகிரியில் பத்து நிமிடம் ஓடவிட்டு ஈரத்தைப் போக்குங்கள்.

படி 5: மீன் வாடை, சிறுநீர் வாடை

நான் ஐந்து வாரம் தவித்த இடம் இதுதான்.

ஸ்விட்ச், சாக்கெட், பிளக் போன்றவற்றில் யூரியா ஃபார்மால்டிஹைடு என்ற பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துவதுண்டு. அது அளவுக்கு மீறிச் சூடாகிச் சிதையும்போது மீன் வாடையோ சிறுநீர் நெடியோ வரும். கருகல் வாடையாக இல்லாததால் நமக்கு மின்சாரத்தின் மேல் சந்தேகமே வராது. மீன் சமைக்காத வீட்டில் ஓவன் போட்டால் மட்டும் மீன் வாடை வருகிறது என்றால் முதலில் சுவரைப் பாருங்கள்.

என் ஓவன் 1600 வாட். 230 வோல்டில் அது 7 ஆம்பியர் இழுக்கும். அதனுடன் வந்தது தடித்த முனைகள் உள்ள 16 ஆம்பியர் பிளக். எங்கள் மேடைக்குப் பக்கத்தில் இருந்ததோ 6 ஆம்பியர் பாயின்ட். கடையில் கிடைக்கும் மாற்று பிளக் ஒன்றை வாங்கி நடுவில் செருகியிருந்தேன். பொருந்திவிட்டது, ஓவனும் சூடானது, எம்.சி.பி.யும் (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச்) விழவில்லை. எல்லாம் சரி என்று நம்பிவிட்டேன்.

எம்.சி.பி. ஏன் விழவில்லை? சர்க்யூட்டுக்கு மேலே இருந்த எம்.சி.பி.க்கு 7 ஆம்பியர் சாதாரண அளவு. கோளாறு அளவில் இல்லை, தொடும் இடத்தில் இருக்கிறது. பிளக் முனை சாக்கெட்டுக்குள் தளர்வாக உட்கார்ந்து அங்கே அரை ஓம் தடை ஏற்பட்டால் போதும். அந்த இடத்தில் எழும் சூடு, ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கித் தடையாலும் பெருக்கினால் வருவது: 7 பெருக்கல் 7 பெருக்கல் 0.5, அதாவது 24.5 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்றை ஸ்விட்ச்போர்டுக்குள் வைத்து மணிக்கணக்கில் எரியவிட்டதற்குச் சமம்.

சோதிப்பது எளிது. ஓவன் இருபது நிமிடம் ஓடியபின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, புறங்கையைப் பிளக்கின்மேல் வையுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அன்றோடு அந்தப் பாயின்டில் ஓவனைச் செருகாதீர்கள். இதற்கு டெஸ்டர் உதவாது. மின்சாரம் வருகிறதா என்பதை மட்டுமே அது சொல்லும்.

எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு துளையைச் சுற்றி மட்டும் தேநீர்க் கறைபோலப் பழுத்திருந்தது. பின்னால் திருகு தளர்ந்து, சிவப்பு ஒயரின் உறை ஒரு அங்குலத்துக்குச் சுருங்கி, உள்ளே செம்பு கறுத்துப் போயிருந்தது. கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதுச் சாக்கெட் போட்டார்.

பத்தாவது நாள் வாடை திரும்ப வந்தது.

இரண்டு தவறுகள். ஒன்று, மாற்று பிளக்கை நான் விடவில்லை. இரண்டு, ஓவன் பிளக்கின் முனைகளை நாங்கள் பார்க்கவே இல்லை. அதில் ஒன்று பளபளப்பு இழந்து, நகத்தால் தடவினால் சொரசொரவென்று இருந்தது. அப்படிக் குழி விழுந்த முனை புதுச் சாக்கெட்டையும் சரியாகத் தொடாது, அதையும் கெடுத்துவிடும். ஆகவே சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்று பிளக் குப்பைக்குப் போக வேண்டும். போர்டிலிருந்து 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் தனியாக இழுத்து 16 ஆம்பியர் பாயின்ட் போடச் சொல்லுங்கள், எர்த் ஒயரோடு. உத்தரவாதக் காலம் முடியாத ஓவன் என்றால் பிளக்கை வெட்டுவதற்கு முன் சர்வீஸ் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலையை நீங்களே செய்ய வேண்டாம்.

பின்சேர்க்கை

முடி கருகுவது போன்ற வாடை வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பல்லியோ கரப்பானோ பின்துளை வழியாகப் போய் ராடில் பட்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறியபின் கீழ்த்தட்டை எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் சர்வீஸுக்குக் கொடுங்கள். துளைகளை அட்டை வைத்து அடைக்காதீர்கள். சூடு வெளியேற வழியில்லாமல் போகும்.

இன்னொருவர், எக்ஸ்டென்ஷன் போர்டில் போடலாமா என்று கேட்டார். கூடாது. அதில் பல 6 ஆம்பியர் வகை. என் மாற்று பிளக் செய்த அதே வேலையை அதுவும் செய்யும்.

ஐப்பசி பிறந்து, மீனும் வாங்கி, புதுப் பாயின்டில் ஓவனைப் போட்டு வஞ்சிரம் சுட்டோம். அம்மா சாக்கெட் அருகே போய் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.