ஏசி ஓடியும் பின்சீட்டில் நாய்க்கு மூச்சிரைத்தது ஏன்?

மே மாதம் சென்னையிலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பும் முன் ஒத்திகையாக ஊருக்குள் ஓட்டிப் பார்த்தபோதே சிக்கல். முன்சீட்டில் நல்ல குளிர். பின்னால் லாப்ரடாருக்கு இருபது நிமிடத்தில் மூச்சிரைப்பு, எச்சில் ஒழுகல்.

பயணக் குமட்டல் என்று நினைத்து, சாப்பாட்டை நான்கு மணி நேரம் முன்பே கொடுத்தேன். பலனில்லை. ஏசி கேஸ் நிரப்பியும் அதே கதை. கண்ணாடிக்கு வெயில் வலை மாட்டியதில் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். இதிலேயே நான்கு நாள் போயிற்று.

கடைசியில் ஒரு சின்ன வெப்பமானியை நாயின் நெஞ்சு உயரத்தில் வைத்தேன். முன்னால் 24 டிகிரி, பின்னால் 33! காரணம், நாய் கீழே விழாமலிருக்க முன், பின் ஹெட்ரெஸ்ட்களில் தொட்டில் போலக் கட்டிய சீட் கவர். என் காரில் பின்சீட்டுக்குத் தனி ஏசி துவாரம் கிடையாது. முன்னாலிருந்து வரும் காற்றை அந்தத் துணிச்சுவர் அப்படியே மறித்துவிட்டது.

முன்பக்கக் கொக்கிகளைக் கழற்றி, கவரைச் சீட்டில் தட்டையாக விரித்தேன். கால் வைக்கும் பள்ளத்தில் துணிப்பைகளை அடைத்துச் சமமாக்கினேன், சீட் உயரத்துக்கு மேல் போகாமல். நாயைக் கட்டும் சீட் பெல்ட்டை அதன் மார்புப் பட்டையில்தான் மாட்ட வேண்டும். கழுத்துப்பட்டையில் மாட்டினால் திடீர் பிரேக்கில் கழுத்து இறுகும். பதினைந்து நிமிடத்தில் பின்னாலும் 26. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எச்சில் ஒழுகாமலே கடந்தது.