நவம்பர் ராத்திரில ஈரி ஏரில வால்ஐ ட்ரோலிங்: மெதுவா போங்க, மேலாப்ல ஓட்டுங்க

கிளீவ்லேண்ட்னா நம்மாளுங்கள்ல பாதி பேருக்கு ஈஸ்டர் சமயத்துல நடக்கிற தியாகராஜ ஆராதனைதான் ஞாபகம் வரும், ஆனா அதே ஊர் ஏரிக்கரையில அக்டோபர் கடைசில இருந்து தண்ணி உறையற வரைக்கும் ராத்திரில என்ன மாதிரி மீன் வந்து நிக்குதுன்னு நிறைய பேருக்குத் தெரியாது. வால்ஐங்கற நன்னீர் மீனைப் பிடிக்கணும்னா, அமெரிக்கா-கனடா எல்லையில இருக்கற இந்த ஈரி ஏரியைத் தாண்டி இன்னொரு இடம் எனக்குத் தோணவே தோணாது. 2015, 2018, 2021 மூணு வருஷமும் குஞ்சு பொரிச்சது அமோகம், அந்த மீனுங்கதான் இப்ப ஏரி முழுக்க. ஓஹையோ பக்கம் ஹ்யூரான், வெர்மிலியன், லொரேன், கிளீவ்லேண்ட்னு கரையோரமா போட் எடுத்து ராத்திரில ட்ரோலிங் (ஓடற போட்டுக்குப் பின்னாடி லூர்ங்கற பொய் இரையை இழுத்துப் பிடிக்கறது) பண்றவங்களுக்காகத்தான் இதை எழுதறேன், பகல்ல ஓட்டிப் பழகிட்டு அதே மாதிரி ராத்திரியும் ஓட்டறவங்க கண்டிப்பா படிங்க, ஏன்னா பெரும்பாலும் எல்லாரும் வேகமா ஓட்டறாங்க, ஆழமா ஓட்டறாங்க, மீன் என்னடான்னா மேல இருக்கு.

முதல்ல மீன் ஏன் அங்க வருதுன்னு புரிஞ்சுக்கோங்க, அது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா வரும். வசந்த காலத்துல மேற்குப் பக்கத்துல, மௌமீ ஆறு, சாண்டஸ்கி ஆறு, அப்புறம் அங்க இருக்கற பாறைத் திட்டுங்கள்ல முட்டை போடும். மேற்குப் பக்கம் ஆழமே இல்ல, சராசரி 24 அடிதான், கோடை வந்தா தண்ணி சூடாயிடும், அதனால பெரிய மீன்ல ஒரு பங்கு கிழக்கால ஆழமும் குளிர்ச்சியும் தேடிப் போயிடும். இலையுதிர் காலத்துல திரும்பி மேற்க வர ஆரம்பிக்கும்போது நடுவுல இந்தக் கரையோரமா தங்கித் தின்னும். பொட்டை மீனுக்கு வயித்துல முட்டை அப்பவே வளர ஆரம்பிச்சிருக்கும், தீனி தேவை. அதே நேரத்துல கிஸர்ட் ஷாட், எமரால்ட் ஷைனர் இந்தப் பொடி மீனெல்லாம் துறைமுக வாய், தடுப்புச் சுவர் பக்கம் கூட்டம் கூட்டமா ஒதுங்கும். வால்ஐ கண்ணுக்குள்ள வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ஒரு படலம் இருக்கு, ரொம்பக் கம்மி வெளிச்சத்துலயும் அதுக்குக் கண்ணு தெரியும், ஷாடுக்கு அவ்வளவு தெரியாது. பகல்ல 40, 50 அடித் தண்ணில கிடந்த மீன் இருட்டினதும் 12, 15, 20 அடித் தண்ணிக்கு ஏறி வரும். ஹ்யூரான்லயும் லொரேன்லயும் கரையில இருந்து ஏரிக்குள்ள நீளற பியர்ல நின்னுக்கிட்டே ஹஸ்கி ஜெர்க்ங்கற லூரை வீசி பெரிய பெரிய மீன் பிடிக்கறாங்க, அவ்வளவு கிட்ட வருது.

தண்ணி 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ இறங்கினா ராத்திரி கடி ஆரம்பிக்கும், 50க்குக் கீழ போனா நல்லா செட்டாகும், 40 பக்கம் வரைக்கும் ஓடும்.

காத்துதான் உங்களுக்கு பாஸ். இதுல பேரமே கிடையாது. தெற்குக் காத்து நிலத்துல இருந்து ஏரிக்கு அடிக்கறதால ஓஹையோ கரையோரம் அமைதியா இருக்கும், கரையில இருந்து ஒரு மைல், ரெண்டு மைலுக்குள்ள நிம்மதியா ஓட்டலாம். வடக்கு, வடமேற்கு, வடகிழக்கு எதுவா இருந்தாலும் ஏரி அகலம் முழுக்க அலையைத் தள்ளிக்கிட்டு வரும், ஆழம் கம்மியான ஏரிங்கறதால அலை கிட்டக் கிட்ட செங்குத்தா எழும், சின்ன போட்டுக்கு அது ஆகவே ஆகாது. வடகிழக்குக் காத்து ரெண்டு நாள் அடிச்சா கரையோரத் தண்ணி கலங்கி சேறாயிடும், தெளிய ஒரு ரெண்டு நாள் விடுங்க. ஒரேயடியா கண்ணாடி மாதிரி தெளிஞ்ச தண்ணியைவிட லேசா பச்சை கலந்த தண்ணி நல்லது. இன்னொன்னு, பலமான தென்மேற்குக் காத்து அடிச்சா ஏரித் தண்ணியே பஃபலோ பக்கமா ஒதுங்கிடும், டொலீடோ பக்கம் மட்டம் இறங்கும், ரெண்டு முனைக்கும் நடுவுல ஏழெட்டு அடி வித்தியாசம் வர்றதெல்லாம் இங்க நடக்கறதுதான். மேற்குப் பக்கத்துல போட் இறக்கப் போனா ரேம்ப்ல தண்ணியே இல்லாம இருக்கும், இல்லன்னா இறக்கிட்டுத் திரும்பி வரும்போது இருக்காது. கிளம்பறதுக்கு முன்னாடி தேசிய வானிலை சேவையோட கரையோர முன்னறிவிப்பைப் பாருங்க, அலை உயரம் மட்டும் பாத்தா போதாது, காத்து எப்ப திசை மாறுதுன்னு பாருங்க.

சரி, சாமான். பத்து பவுண்டு மோனோ லைன், அதாவது தங்கூசி, லைன் கவுண்டர் இருக்கற ரீல், எட்டு எட்டரை அடில கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கற ராடு. லைன் கவுண்டர் கட்டாயம் வேணும், ஒரு மீன் கடிச்ச நீளத்துல திரும்ப அதே நீளம் விட முடியலைன்னா ராத்திரி முழுக்க குருட்டாம்போக்குதான். முனையில சின்ன ஸ்னாப் போதும், ஸ்டீல் லீடர் வேண்டாம், லூரோட ஆட்டத்தைக் கெடுத்துடும்.

லூர்ல நான் சாகற வரைக்கும் விடாத ரெண்டு, ரபாலா ஹஸ்கி ஜெர்க் 14 நம்பரும் ஸ்மித்விக் பெர்ஃபெக்ட் 10ம். ரெண்டும் நீளமா ஒல்லியா இருக்கும், உள்ள மணி குலுங்கும், மெதுவா இழுத்தாலும் ஆடும். ஹஸ்கி ஜெர்க் ரொம்ப இறங்காது, நாலுல இருந்து எட்டு அடிக்குள்ளதான் போகும், அதுதான் நமக்கு வேணும். தண்ணி 20, 25 அடிக்கு மேல இருந்தா பேண்டிட், ரீஃப் ரன்னர் 800 மாதிரி ஆழமா இறங்கறது ஒண்ணு ரெண்டு கலந்து போடுங்க. கலரைப் பத்தி ரேம்ப்ல நின்னு மணிக்கணக்கா பேசுவாங்க, கேக்க நல்லாதான் இருக்கும், ஆனா என் அனுபவத்துல கலர் நாலாவது அஞ்சாவது விஷயம். நிலா வெளிச்சம் இருந்தா குரோம், பர்ப்பிள், நீலம். கும்மிருட்டுன்னா, இல்ல தண்ணி கலங்கலா இருந்தா, ஃபயர்டைகர், சார்ட்ரூஸ், இருட்டுல மின்னற குளோ பெயிண்ட். அவ்வளவுதான்.

தண்ணில விடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு லூரையும் போட் பக்கத்துல ஒரு தடவை இழுத்துப் பாருங்க. நேரா வரணும். இடது பக்கம் சாய்ஞ்சு ஓடிச்சுன்னா மூக்குல லைன் கட்டற கம்பி வளையத்தை ப்ளையர்ல துளியூண்டு வலது பக்கம் வளைங்க, திரும்ப இழுத்துப் பாருங்க. இதை வெளிச்சம் இருக்கும்போதே முடிச்சுடுங்க. ட்யூன் ஆகாத ஒரே ஒரு லூர் இருட்டுல பக்கத்து லைன் மேல ஏறி மூணு லைனையும் முடிச்சு போட்டு வச்சுடும், விரல் மரத்துப் போன குளிர்ல அதைப் பிரிச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

ப்ளேனர் போர்டு, அதாவது லைன்ல மாட்டி மிதக்க விடற சின்னப் பலகை, கட்டாயம். மீன் மேல ஏழெட்டு அடில இருக்கு, மோட்டர் சத்தத்தோட போட் தலைக்கு மேல போனா அது பக்கத்துல விலகிடும். போர்டு லூரைப் பக்கவாட்டுல இழுத்துட்டுப் போயி, விலகின மீன் முன்னாடி கொண்டுவந்து நிறுத்தும். ஆஃப் ஷோர் ஓஆர்12 மாதிரி லைன்லயே க்ளிப் பண்ற போர்டு போதும், மேல சின்ன பேட்டரி லைட் இல்லைன்னா குளோ ஸ்டிக் கட்டுங்க. லூரை 25 அடி ஒண்ணு, 40 அடி ஒண்ணு, 60 அடி ஒண்ணுன்னு விட்டுட்டு அப்புறம் போர்டை மாட்டுங்க. போர்டை போட்ல இருந்து ஒரு 60, 80 அடி தள்ளி விட்டா போதும், பகல்ல விடற மாதிரி ரொம்ப தூரம் விட்டா லைட்டே கண்ணுக்குத் தெரியாது. மொத்தத்துல கம்மி லைனா போடுங்க. ரெண்டு பேர் போனா நாலு லைன் தாராளம், எத்தனை போடலாம்னு சட்டம் வேற இருக்கு, அதையும் பாத்துக்கோங்க.

சோனார் ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியலைன்னு இடத்தை விட்டு ஓடாதீங்க. மேல் பத்தடில இருக்கற மீன் சோனார் கூம்புக்குள்ள சிக்கவே சிக்காது, அதுவும் போட்டைப் பாத்து விலகற மீன் சுத்தமா தெரியாது. சோனாரை ஷாட் கூட்டம் பாக்க மட்டும் வச்சுக்கோங்க. மேகம் மாதிரி கூட்டம் தெரிஞ்சா அந்த இடத்துல மார்க் போட்டுட்டு அதைச் சுத்தியே ஓட்டுங்க. கிளீவ்லேண்ட் தடுப்புச் சுவர் மட்டுமே அஞ்சு மைலுக்கு மேல நீளம், அதோட வெளிப்பக்கம், இடைவெளி இருக்கற வாய்கள், ஆறு வந்து கலக்கற இடம், இங்கெல்லாம் முதல்ல தேடுங்க. 15 அடில ஆரம்பிச்சு கோணலா வெளிய 30 அடி வரைக்கும் போங்க, எந்த ஆழத்துல கடி விழுதோ அந்தக் கோட்டைப் பிடிச்சு கரைக்கு இணையா ஓட்டுங்க.

இப்ப வேகம், இதுதான் மெயின் மேட்டரே. தண்ணி 50 டிகிரி இருக்கும்போது மணிக்கு 1.3ல இருந்து 1.5 மைல். 45க்குக் கீழ போனா 1.0, 1.2. 40 பக்கம் வந்துட்டா 0.8 கூட போகலாம். மீனோட உடம்பு தண்ணியோட சூடுதான், குளிர குளிர அது துரத்தற தூரம் சுருங்கும். மெதுவா போனா லூர் மேல வந்துடுமேன்னு பயந்து வேகமா ஓட்டறாங்க, அந்த பயமே தேவையில்ல, முன்னாடி தாடை மாதிரி தகடு வச்ச க்ராங்க்பெய்ட் வகை லூர் எவ்வளவு ஆழம் போகும்ங்கறதை முக்கியமா தீர்மானிக்கறது லைன் நீளமும் தடிமனும்தான், 1.0க்கும் 1.5க்கும் நடுவுல ஆழம் பெருசா மாறாது. ஈயம் மாட்டி ஓட்டினாதான் வேகத்துக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்கும். அதனால தைரியமா குறைங்க. பெரிய எஞ்ஜின்ல 1.0 வராது, கிக்கர்ங்கற சின்ன கூடுதல் மோட்டர், இல்ல முன்னாடி மாட்டற எலக்ட்ரிக் மோட்டர் வேணும். அதுவும் இல்லைன்னா பக்கத்துக்கு ஒண்ணா தண்ணிப் பை, அதான் ட்ரிஃப்ட் சாக், கட்டி இழுங்க. காத்தோட திசையிலயே ஓட்டுங்க, எதிர்த்து ஓட்டினா அலைக்கு அலை போட் நின்னு நின்னு குதிக்கும், லூரும் அப்படியே குதிக்கும்.

எந்த வேகம் சரின்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? நேரா ஓட்டாம மெல்ல பாம்பு வளையற மாதிரி வளைச்சு வளைச்சு ஓட்டுங்க. வளைவுல வெளிப்பக்க போர்டு வேகமாகும், உள்பக்க போர்டு கிட்டத்தட்ட நிக்கும். உள்பக்கத்துல கடி விழுந்துச்சுன்னா இன்னும் குறைக்கச் சொல்லுதுன்னு அர்த்தம். வெளிப்பக்கம்னா கொஞ்சம் ஏத்துங்க. கடிச்ச லைனோட நீளம், வேகம் ரெண்டையும் உடனே சத்தமா சொல்லிடுங்க, கூட இருக்கறவர் மத்த லைனை அதுக்கு மாத்தட்டும்.

கடி விழுந்தா போர்டு துள்ளிக் குதிக்கும்னு எதிர்பாக்காதீங்க. குளிர் தண்ணில பத்து பவுண்டு மீன்கூட சும்மா கனமா தொங்கும், போர்டு லைட் மெல்ல பின்னாடி நழுவும், அவ்வளவுதான் தெரியும். வரிசையில ஒரு லைட் மட்டும் பின்தங்கினா ராடை எடுங்க. வெடுக்குனு இழுக்க வேண்டாம். போட்டை நிறுத்தவும் வேண்டாம், அதே வேகத்துல போயிட்டே இருக்கட்டும், ராடை ஏத்தி இறக்கி பம்ப் பண்ணாம ஒரே சீரா சுத்துங்க, லைன் தளர்ந்தா போச்சு. போர்டு கைக்கு வந்ததும் கூட இருக்கறவர் கழட்டட்டும், அந்த நேரத்துலதான் நிறைய மீன் தப்பிக்கும். ஹெட்லேம்ப்பை சிவப்பு வெளிச்சத்துல வைங்க, தண்ணி மேல வெள்ளை லைட்டை வீசிட்டே இருக்காதீங்க, நெட் போடற கடைசி நொடிக்கு மட்டும் போதும். நெட் ரப்பர் பூசினதா இருக்கட்டும், மூணு மூணு முள்ளா தொங்கற லூர் நூல் வலையில சிக்கினா இருட்டுல பிரிக்க முடியாது. செவுள் மூடி ஓரம் கத்தி மாதிரி அறுக்கும், கையை உள்ள விடாதீங்க.

பாதுகாப்பு விஷயத்தை வேகமா தாண்டிப் போயிடாதீங்க, நான் ரொம்ப சீரியஸா சொல்றேன். 45 டிகிரி தண்ணில விழுந்தா முதல் ஒரு நிமிஷம் மூச்சு கட்டுக்குள்ள இருக்காது, வாய் தானா திறந்து தண்ணியைக் குடிச்சுடுவீங்க. அடுத்த பத்து நிமிஷம்தான் கை கால் சொன்ன பேச்சைக் கேக்கும். நினைவு போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்ப்ரெக்ட் பிரபலப்படுத்தின 1-10-1 கணக்கு இது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாதான் அந்த ஒரு மணி நேரமே உங்களுக்குக் கிடைக்கும், சீட்டுக்கு அடியில கிடக்கற ஜாக்கெட்டால பிரயோஜனமில்ல. கரையை விட்டுக் கிளம்பறதுல இருந்து திரும்பற வரைக்கும் உடம்புல இருக்கணும், முடிஞ்சா மிதக்கற சூட்டே வாங்குங்க. தனியா போகாதீங்க. விஎச்எஃப் ரேடியோவை அவசர உதவி கேக்கற 16ஆம் சேனல்ல வைங்க, ஃபோனை நம்பாதீங்க, குளிர்ல பேட்டரி திடீர்னு உக்காந்துடும். முன்னாடி சிவப்பு பச்சை, பின்னாடி வெள்ளை லைட் எரியுதான்னு பாருங்க, நல்ல ராத்திரில லொரேன் வெளிய நிறைய போட் நிக்கும், அவங்க போர்டு லைட்டுக்கும் உங்க போர்டுக்கும் நடுவுல நல்ல இடைவெளி விடுங்க. வீட்டுல எந்த ரேம்ப், எத்தனை மணிக்குத் திரும்பறீங்கன்னு சொல்லிட்டுப் போங்க.

ஓஹையோ தண்ணில ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஆறு மீன், 15 அங்குலத்துக்குக் குறைஞ்சதை வச்சுக்கக் கூடாது, லைசன்ஸ் வேணும், விதி மாறலாம், போற வருஷத்தோட விதியைப் பாத்துக்கோங்க. ஒன்டாரியோல இருந்து வர்றவங்களுக்கு கனடா லைசன்ஸ் இங்க செல்லாது. 28, 30 அங்குலப் பொட்டையை ஃபோட்டோ எடுத்துட்டு விட்டுடுங்களேன், குளிர் தண்ணில நல்லா பிழைச்சுப் போயிடும், வயித்துல அடுத்த வசந்தத்துக்கான முட்டை இருக்கு. சமையலுக்கு 18ல இருந்து 22 அங்குலம்தான் ருசி. பிடிச்ச உடனே செவுளை வெட்டி ரத்தம் வடிச்சு ஐஸ்ல போடுங்க, சதை வெள்ளையா மணமே இல்லாம இருக்கும். மசாலா கம்மியா போடுங்க, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை போதும், நம்ம வஞ்சிரத்துக்குப் போடற அளவு போட்டா மீனே தெரியாது.

கரைக்கு வந்ததும் அலுப்புல அப்படியே கிளம்பிடாதீங்க. ரேம்ப்ல ஐஸ் பிடிச்சிருக்கும், ஷூவுக்கு அடியில மாட்டற ஐஸ் கிளீட் ஒண்ணு வண்டில வைங்க, ட்ரெய்லரை இழுக்கற வண்டிச் சக்கரத்துக்கு அடியில போட ஒரு மூட்டை மணலும். வெளிய ஏத்தினதும் அடி ப்ளக்கைப் பிடுங்கி விடுங்க, லைவ்வெல், அதான் மீனை உயிரோட வைக்கற தொட்டி, அதோட பம்ப்பைக் காலி பண்ணுங்க, அவுட்போர்டை நிமிர்த்தி நேரா நிறுத்தித் தண்ணி முழுக்க வடிஞ்சப்புறம்தான் தூக்கிக் கட்டணும், உள்ள தேங்கின தண்ணி வீட்டுக்குப் போற வழியிலயே உறைஞ்சு மோட்டரை விரிசல் விட வச்சுடும்.