முழு விலை கொடுக்குமுன் உள்ளே கடை இருக்கிறதா என்று பாருங்கள்
விலை கொடுத்து வாங்கும் இணைய விளையாட்டுகளுக்குள்ளும் இலவச விளையாட்டுகளைப் போல ஒரு கடை திறந்திருப்பது இன்று வழக்கமாகிவிட்டதால், ஸ்டீம் என்ற கணினி விளையாட்டு விற்பனைத் தளத்தில் வாங்குவதற்கு முன் விளையாட்டின் பக்கத்தில் வலப்புறப் பட்டியலில் 'இன்-ஆப் பர்சேஸஸ்' (விளையாட்டுக்குள் விற்பனை) என்ற வரி உள்ளதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அலங்கார உடைகள் மட்டும் விற்கப்பட்டால் பொறுத்துக்கொள்ளலாம். ஆட்டத்தில் பலம் கூட்டும் பொருள்கள் விற்கப்பட்டால் ஒதுங்கிவிடுவதே மேல் என்பேன். 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 விளையாட்டில் டார்த் வேடர் என்ற பாத்திரத்தைத் திறக்க 60,000 கிரெடிட் (விளையாட்டுக்குள் புழங்கும் நாணயம்) தேவைப்பட்டதும், எதிர்ப்பு கிளம்பியபின் அது 15,000 ஆகக் குறைந்து, வெளியீட்டுக்குச் சற்று முன் உள்விற்பனையே தற்காலிகமாக நிறுத்தப்பட்டதும் நினைவிருக்கலாம். வாங்கிய பிறகே கடை கண்ணில் பட்டால், 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருக்கும் நிலையில், ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அறிமுகக் காட்சிகள் ஓடும் நேரமும் அந்தக் கணக்கில் சேரும்.