பெங்களூரில் கன்னடம்: உங்கள் ஃபோனில் நீங்களே அமைக்கும் பாடம்

பெங்களூருக்கு வந்த புதிதில் ஒரு ஆப்பில் யானை, கிளி, சிவப்பு, பச்சை என்று கன்னடச் சொற்களைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. கீழ்வீட்டு அம்மாவிடம் அதைச் சொல்ல, படித்ததில் ஒரு சொல்கூட உதவவில்லை. அதற்கப்புறம் நான் மாற்றிக்கொண்ட முறை இது. ஆண்ட்ராய்டு ஃபோன் ஒன்று போதும்.

முதலில் பட்டியல்

ஒரு நாள் முழுக்க, கன்னடம் தெரியாமல் எங்கெல்லாம் திணறினீர்களோ அதையெல்லாம் ஃபோனில் தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ‘இங்கே நிறுத்துங்க.’ ‘சில்லறை இல்லை.’ ‘கொஞ்சம் மெதுவா சொல்லுங்க.’ ‘குழாயில தண்ணி வரல.’ பத்துப் பன்னிரண்டு தேறும். அதுதான் உங்கள் பாடத்திட்டம். கற்பவரின் தன்னாட்சி பற்றி 1981-இல் எழுதிய மொழிக்கல்வி ஆய்வாளர் ஆன்றி ஒலெக்கும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்: எதைக் கற்பது என்று தீர்மானிப்பதும், எவ்வளவு தேறினோம் என்று பார்ப்பதும் கற்பவரின் கையிலேயே இருக்க வேண்டும்.

அடுத்து, குரல் வாங்குங்கள்

பட்டியலை கூகுள் டிரான்ஸ்லேட்டில் போடலாம். ஆனால் அது பெரும்பாலும் எழுத்துக் கன்னடத்தைத் தரும். ‘தண்ணீர் வரவில்லை’ என்பதற்கு ‘நீரு பருத்தில்ல’ என்று வரும். தப்பில்லை, ஆனால் கீழ்வீட்டு அம்மா எனக்குச் சொல்லித் தந்தது ‘நல்லியல்லி நீரு பர்தா இல்ல’. அதனால் கன்னடம் பேசும் ஆபீஸ் நண்பரிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ கேளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனி வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொல்லுங்கள். பயிற்சிக்குத்தான் என்று முன்பே சொல்லிவிடுங்கள், மகிழ்ச்சியாகவே செய்வார்கள்.

குரல்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லக் காரணம் நம் எழுத்து. ‘பஸ்’ என்பதில் வரும் ஒலிக்கும் ‘பணம்’ என்பதில் வரும் ஒலிக்கும் நம்மிடம் ஒரே ‘ப’தான். கன்னடத்தில் அவை இரண்டு வேறு எழுத்துகள். ‘வேண்டாம்’ என்பதற்கான ‘பேட’வை பஸ்ஸின் ஒலியில் தொடங்க வேண்டும். தமிழில் எழுதி வைத்துப் படித்தால் பணத்தின் ஒலி வந்துவிடும். கடைக்காரர் காதில் தார்வாடு பேடா என்ற இனிப்பின் பெயர் விழும். க, ச, ட, த நான்கிலும் இதே சிக்கல் உண்டு. இந்தப் பதிவில் வேறு வழியில்லாமல் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் காதால் கேட்டே பழகுங்கள்.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பூ ஹூவு. நம் ‘ப’வில் தொடங்கும் சொல் அங்கே பல இடங்களில் ‘ஹ’வில் தொடங்கும். பழங்கன்னடத்தில் இவையும் ‘ப’வில்தான் தொடங்கின. இது பிடிபட்டுவிட்டால் பாதிச் சொற்கள் ஏற்கெனவே தெரிந்தவை போலத் தோன்றும். எனக்கு அந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

அட்டை செய்வது

ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் என்று அட்டைகள் செய்து பழக உதவும் ‘அங்கிட்ராய்டு’ (AnkiDroid) ஆப் ப்ளே ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும். ‘அங்கி’ என்றால் ஜப்பானிய மொழியில் மனப்பாடம். மறக்கப் போகும் நேரம் பார்த்து அட்டையை மறுபடி காட்டுவதுதான் அதன் வேலை. கூட்டல் குறியைத் தொட்டுப் புது அட்டை திறங்கள். முன்பக்கம் ‘குழாயில தண்ணி வரல’ என்று தமிழில் எழுதுங்கள். பின்பக்கம் எதுவும் எழுத வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பேப்பர் கிளிப் குறியைத் தொட்டு ஒலிக்கோப்பைச் சேருங்கள். கோப்பு சிக்கவில்லை என்றால், நண்பர் நேரில் இருக்கும்போது அங்கேயே பதிவும் செய்யலாம்.

ஒரு நாளைக்கு 20 புது அட்டைகள் என்றுதான் முதலில் அமைந்திருக்கும். அட்டைக் கட்டின் பெயரை அழுத்திப் பிடித்து, ‘டெக் ஆப்ஷன்ஸ்’ போய் 5 ஆக்குங்கள். 20 வைத்தால் பத்தாவது நாள் மறுபார்வை மலைபோல் குவிந்து, ஆப்பைத் திறக்கவே மனம் வராது.

அட்டை வந்ததும் முதலில் நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் குரலைக் கேளுங்கள். ஒத்துப்போகவில்லையா, ‘அகெய்ன்’ தொடுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பதில் பயனில்லை.

உச்சரிப்பைச் சோதிக்க

கூகுள் கீபோர்டில் கன்னடத்தைச் சேர்த்து, மைக்கைத் தொட்டு ‘ஹாலு பேக்கு’ என்று சொல்லுங்கள். வரும் எழுத்தை அப்படியே டிரான்ஸ்லேட்டில் ஒட்டித் தமிழாக்குங்கள். ‘பால் வேண்டும்’ என்று வந்தால் சரி. ஆனால் இதை முழுக்க நம்ப வேண்டாம். நீளமான வாக்கியத்தில் நீங்கள் கொஞ்சம் தவறினாலும் இயந்திரம் ஊகித்துத் திருத்திவிடும். ‘பேட’ மாதிரி ஒற்றைச் சொல்லைச் சொல்லிப் பார்ப்பதே நல்ல சோதனை.

ஞாயிற்றுக்கிழமை பதினைந்து நிமிடம்

அந்த வாரம் நிஜமாக வெளியில் பேசிய வாக்கியங்களுக்கு ஒரு குறி போடுங்கள். ஒரு மாதமாகத் தேவையே படாத அட்டைகளைத் தயங்காமல் அழியுங்கள். புதிதாகத் திணறிய இடங்களைப் பட்டியலில் சேருங்கள். இதை உங்களுக்காக வேறு யாரும் செய்ய முடியாது.

இன்றிரவு முதல் அட்டையாக இதை வையுங்கள்: ‘இதக்கெ கன்னடதல்லி ஏனந்தாரெ?’ இதைக் கன்னடத்தில் என்ன சொல்வார்கள் என்று அர்த்தம். நாளைக் காலை காய்கறிக்கடையில் வெண்டைக்காயைக் கையில் எடுத்துக்கொண்டு கேளுங்கள்.