முதல் கோப்பு மட்டும் இறங்கி மற்றவை நின்றபோது

திருகோணமலை உப்புவெளியில் உயர்தர மாணவர்களுக்குக் கடந்தகால வினாத்தாள்களைத் திரட்டிக் கொடுத்து வருகிறேன். ஒரு தளத்தில் பல பாடங்களைத் தெரிவுசெய்து பதிவிறக்கப் பொத்தானை அழுத்தினால், குரோம் உலாவியில் முதல் கோப்பு மட்டுமே வந்தது. மற்றவை பிழைச் செய்தி எதுவுமின்றி நின்றுவிட்டன. வன்தட்டில் போதிய இடம் இருந்தது. அதே தளம் பயர்பாக்ஸில் எல்லாக் கோப்புகளையும் தந்ததால், இணைய இணைப்பிலோ தளத்திலோ குறையில்லை, குரோமின் அமைப்பில்தான் தடை உள்ளது என்பது உறுதியாயிற்று.

ஒரு தளம் அடுத்தடுத்துப் பல கோப்புகளை அனுப்ப முயன்றால், பயனர் கேட்காதவற்றை அது கணினியில் இறக்கிவிடக்கூடாது என்பதற்காகக் குரோம் அனுமதி கேட்கிறது. அப்போது தடுக்கும்படி யாரேனும் விடையளித்திருந்தால், அந்த விடை அத்தளத்துக்கென நினைவில் வைக்கப்பட்டு, பின்னர் கேள்வியே எழாது. பலர் பயன்படுத்தும் கணினியில் இது எளிதில் நேரக்கூடியது.

முகவரிப் பட்டையின் இடப்பக்கச் சின்னத்தை அழுத்தி, தள அமைப்புகளைத் திறந்து, தானியங்கிப் பதிவிறக்கங்கள் என்ற வரியில் 'தடு' என்றிருந்ததை 'அனுமதி' என மாற்றிப் பக்கத்தைப் புதுப்பித்தேன். பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் என வினாத்தாள்கள் வரிசையாக இறங்கின. இந்த அனுமதியை நம்பகமான தளத்துக்கு மட்டுமே வழங்க வேண்டும். எல்லாத் தளங்களுக்கும் பொதுவாகத் திறந்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

பி.டி.எப். கோப்பு இறங்காமல் உலாவியிலேயே திறப்பது வேறு சிக்கல். அதற்குரிய தெரிவு, குரோமின் பொது அமைப்புகளில் வரும் தள அமைப்புகளின் கூடுதல் உள்ளடக்கப் பகுதியில் உள்ளது.