லோன் வேணுங்களா என்று கேட்கும் அழைப்புகளை நிறுத்த

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் நடுவே, ஈரோடு மஞ்சள் மண்டியில் ஏலம் போகிற நேரத்தில், "சார், பர்சனல் லோன் வேணுங்களா, அன்னூர் பக்கம் சைட்டு இருக்குதுங்க" என்று போன் வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது!

முதலில் 1909-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள்: ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று தட்டி, ஒரு இடம் விட்டு 0. விளம்பர அழைப்புகள் எல்லாவற்றுக்கும் தடை கேட்டதாக ஆகிவிடும். அதே எண்ணுக்கு போன் செய்தும் பதியலாம். ஓடிபி, பேங்க் மெசேஜ் வழக்கம்போல வரும், பயம் வேண்டாம்.

முறையாகப் பதிந்த விளம்பர நிறுவனங்கள் 140-ல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் கூப்பிட வேண்டும். பெரிய தொல்லை சாதாரண பத்து இலக்க எண்ணில் வருகிறவர்கள்தான். அவர்களை பிளாக் செய்தால் மட்டும் போதாது, அடுத்த நிமிஷமே வேறு சிம்மில் வருவார்கள். அதனால் எண், தேதி, என்ன விற்றார்கள் என்று குறித்துவைத்து, ஏழு நாளுக்குள் 1909-லோ தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி ஆப்பிலோ புகார் கொடுங்கள். திட்டிக்கொண்டிருப்பதெல்லாம் வேஸ்ட்டுங்க, பேசுகிறவர் சம்பளத்துக்கு வேலை செய்கிற பிள்ளை.

உங்கள் கேஒய்சி (பேங்கில் கொடுத்த அடையாள விவரம்) காலாவதியாகிவிட்டது, ஓடிபி சொல்லுங்கள் என்றால் அது விளம்பரமே இல்லை, மோசடி. உடனே வைத்துவிட்டு, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி (Sanchar Saathi) தளத்தில் சக்ஷு பகுதியில் தெரிவியுங்கள். பணமே போய்விட்டதென்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.