பெற்றோரை முறை வைத்துப் பார்க்கும் வீடுகளில் நடக்கும் தவறுகள்

மூன்று மாதம் மூத்தவன் வீடு, மூன்று மாதம் இளையவன் வீடு என்று பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களில் முதலில் குளறுபடியாவது மாத்திரை. ஊருக்கு ஒரு டாக்டர், ஆளுக்கு ஒரு சீட்டு. அம்லோடிபின் என்ற ஒரே பிரஷர் மருந்து பல கம்பெனிப் பெயர்களில் கிடைக்கிறது. பழைய அட்டையும் புது அட்டையும் சேர்ந்து உள்ளே போனால் இரட்டை டோஸ். கால் வீங்கும், எழுந்தால் தலை சுற்றும். புது டாக்டரிடம் சீட்டை மட்டும் நீட்டாதீர்கள். மாத்திரைப் பையையே மேசையில் கொட்டிக் காட்டுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, பெரியவர் "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றால் அப்படியே விட்டுவிடுவது. ராத்திரி மருமகளை எழுப்ப வேண்டாமே என்று சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திக்கொள்பவர்கள் நிறைய. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்று வரலாம். இந்த வயதில் தொற்று காய்ச்சலே காட்டாமலும் வரும். பகலெல்லாம் தூங்கி இரவில் உளறுவார், வேட்டியிலேயே போய்விடுவார். "வேணும்னே பண்றார்" என்று வீட்டில் சண்டை மூள்வது இங்கேதான். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் குழம்பினால் அது குணமல்ல, நோய். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சர்க்கரை, சோடியம் (ரத்தத்தில் உள்ள உப்பு), சிறுநீர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவருக்கு அக்கறை என்ற பெயரில் உப்பே இல்லாமல் சமைத்துப் போட்டாலும் சோடியம் இறங்கி இதே குழப்பம் வரும்.

"தண்ணி வேணுமா?" என்று கேட்பதில் பயனில்லை. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பிக் கட்டிலருகே வையுங்கள், மாலையில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். (இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.) கட்டிலிலிருந்து கழிவறைவரை இரவு விளக்கும், உள்ளே சுவரில் கைப்பிடியும் இருந்தால் யாரையும் எழுப்பவே வேண்டியதில்லை.

டாக்டர் அறையில் மகனே எல்லாவற்றுக்கும் பதில் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. ஐந்து நிமிடம் வெளியே இருங்கள். மலம், சிறுநீர், மனவருத்தம் எல்லாம் பிள்ளை முன்னால் வாயில் வராது.

அப்பா ஒரு வீடு, அம்மா ஒரு வீடு என்று பிரிப்பதுதான் எங்களால் ஒப்புக்கொள்ளவே முடியாத ஏற்பாடு. அவர் மாத்திரை இவருக்குத்தான் தெரியும். இவர் தட்டில் என்ன மிஞ்சியது என்பது அவருக்குத்தான் தெரியும். பிரித்தே ஆக வேண்டுமென்றால் மாதம் ஒருமுறை எடை பாருங்கள். 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில், முயற்சி எதுவும் இல்லாமல், 3 கிலோ இறங்கியிருந்தால் டாக்டரிடம் போயாக வேண்டும்.